ஆல்டர்நேட்டரை மாற்றும் முன்: சார்ஜ் ஏறாத காரைச் சோதிப்பதும் சரியான மாற்றுப் பீஸ் வாங்குவதும்

பதினான்கு மாதத்தில் இரண்டு பேட்டரி வாங்கியவன் நான். வீடு மன்னார்குடியில், மாமனார் வீடு வேதாரண்யத்தில். வாரம் ஒரு முறையாவது அந்த உப்புக்காற்றில் போய் நிற்கும் பழைய டீசல் கார். முதல் பேட்டரி போனபோது வயசாகிவிட்டது என்றார்கள். சரி என்று மாற்றினேன். இரண்டாவதும் டவுன் ஆனதும், "டைனமோ போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். வேறு ஒருவரிடமும் காட்டிவிடலாம் என்று வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் மல்டிமீட்டரை இரண்டே இடத்தில் வைத்துப் பார்த்தார். "டைனமோ நல்லாத்தான் இருக்கு தம்பி, எர்த்தைப் பாருங்க" என்று கரன்ட் திரும்பிப் போகும் வழியான, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டையைக் காட்டினார். களிம்பு பிடித்து, நார் நாராகப் பிரிந்து கிடந்தது. பட்டையை மாற்றினோம். அந்தப் பழைய ஆல்டர்நேட்டர்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று அவர் செய்த சோதனையை நீங்களும் வீட்டு வாசலில் செய்துகொள்ளலாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர், 10, 12 நம்பர் ஸ்பேனர்கள், கம்பி பிரஷ், ஒரு டார்ச். இவ்வளவு போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

நம் பக்கம் இன்னும் பலர் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். பழைய அம்பாசடர் காலத்து வார்த்தை ஒட்டிக்கொண்டது. இப்போது ஓடுவது ஆல்டர்நேட்டர். இன்ஜின் பெல்ட் இதன் புல்லியைச் சுற்ற, உள்ளே ரோட்டார் சுழலும். இரண்டு கார்பன் பிரஷ் வழியாக ரோட்டாருக்குக் கொஞ்சம் கரன்ட் போய் அதைக் காந்தமாக்கும். சுற்றியிருக்கும் ஸ்டேட்டர் காயிலில் மாறுமின்சாரம் பிறக்கும். டயோடு பிளேட் அதை நேர்மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். வோல்ட் ஏறினால் ரோட்டாருக்குப் போகும் கரன்டைக் குறைப்பதும், இறங்கினால் கூட்டுவதும் ரெகுலேட்டரின் வேலை. பெல்ட், கார்பன், டயோடு, ரெகுலேட்டர், பேரிங், பிறகு வெளியே போகும் ஒயர்கள். கோளாறு பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் இருக்கும். ஸ்டேட்டர் காயில் எரிவதெல்லாம் அபூர்வம்.

முதல் சோதனை: சிவப்பு விளக்கு

சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சாவி போட்டதும் எரியாமலே இருப்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் ரோட்டாருக்கு முதல் கரன்ட் அந்த விளக்கின் வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலோ அந்த மெல்லிய ஒயர் அறுந்தாலோ ஆல்டர்நேட்டர் விழிப்பதே இல்லை. அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் ஒதுங்கும் ஊர் இது. ஆல்டர்நேட்டரின் பின்பக்க சாக்கெட்டுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபியூஸ்களையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது: ஓய்ந்திருக்கும் பேட்டரி

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன், மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளில் அளவெடுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 பாதி. 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. குறைவாக இருந்தால் வெளியே சார்ஜரில் முழுதாக ஏற்றிவிட்டுத்தான் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு ஆல்டர்நேட்டரைச் சோதித்தால் எல்லா எண்ணும் பொய் சொல்லும்.

செல்ஃப் அடிக்கும்போதும் ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே போகாது. முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் 9, 8 என்று சரிந்தால் பேட்டரிதான் போய்விட்டது. பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை. நவக்கிரகக் கோயில்களைச் சுற்றும் வாடகைக் கார்கள் ஒன்பது இடத்தில் நின்று ஸ்டார்ட் ஆவதால்தான் பேட்டரி போகிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் 200 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு விநாடிதான். ஆம்பியர் மணியில் சொன்னால் 0.11. ஒரு நிமிடம் வண்டி ஓடினால் திரும்ப ஏறிவிடும் அளவு. உண்மையில் குடிப்பது திருநள்ளாற்றில் கூட்டம் வரிசையில் நிற்கும்போது, இன்ஜினை அணைத்துவிட்டு புளோயரும் பாட்டும் போட்டு உட்காரும் நேரம். 10 ஆம்பியர் ஒரு மணி நேரம் போனால் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் கால்வாசிக்கும் மேலே காலி.

மூன்றாவது: ஓடும்போது எவ்வளவு

இன்ஜினை ஸ்டார்ட் செய்து 1500 முதல் 2000 ஆர்பிஎம்மில் பிடித்து, பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். 13.8க்கும் 14.7க்கும் நடுவே இருந்தால் சரி. சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் கொதித்துக்கொண்டிருக்கும்போது 13.5 காட்டினாலும் பயப்பட வேண்டாம். சூடு ஏறினால் ரெகுலேட்டரே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும்.

பிறகு ஹெட்லைட், புளோயர், ஏசி, வைப்பர் எல்லாவற்றையும் போடுங்கள். 13.2, 13.5க்குக் கீழே சரியாமல் நிற்க வேண்டும். ஓடும்போதும் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவில்லை. 15க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் போய்விட்டது, இல்லையென்றால் அது வோல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் சென்ஸ் ஒயர் அறுந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் பல்புகள் அடிக்கடி போகும், பேட்டரியிலிருந்து அழுகிய முட்டை வாடை வரும். அதை ஓட்டிக்கொண்டே திரியாதீர்கள். அடுத்து போவது வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவாக இருக்கும்.

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போதைய வண்டிகள் பலவற்றில் எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்பதை ஈசியூ முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் 12.8 என்று கூடக் காட்டும். பழைய கணக்கை வைத்துக்கொண்டு ஆல்டர்நேட்டர் போய்விட்டது என்று அந்த வண்டிகளில் சொல்லக் கூடாது. ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, வோல்ட் ஏறுகிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் முனையில் சின்னப் பெட்டி மாதிரி சென்சார் இருக்கும் வண்டியில், கூடுதல் விளக்கு, ஆம்ப்ளிஃபயர் எதன் எர்த்தையும் பேட்டரி முனையில் நேராகக் கட்டாதீர்கள், பாடியில் கட்டுங்கள். இல்லையென்றால் அந்தக் கரன்ட், சென்சாரின் கணக்கில் வராது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் இன்னும் சாகவில்லை. கழற்றும் அந்தக் கணத்தில் வோல்ட் பல மடங்கு எகிறும். பேட்டரி இருந்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும். இல்லாதபோது டயோடும் ஈசியூவும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். யாராவது ஸ்பேனரோடு அந்தப் பக்கம் போனால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

நான்காவது: வழியில் தொலையும் வோல்ட்

என் இரண்டு பேட்டரிப் பணத்தை மிச்சம் பிடித்திருக்கக்கூடிய சோதனை இதுதான். ஆல்டர்நேட்டர் 14.4 கொடுக்கும். நடுவே துருப்பிடித்த இணைப்பு இருந்தால் பேட்டரிக்கு 13 தான் போய்ச் சேரும். அது கிணற்றில் தண்ணீர் இருந்தும் வாய்க்கால் அடைத்த கதை.

இன்ஜின் ஓட, ஹெட்லைட்டும் புளோயரும் எரிய, மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்நேட்டர் பின்னால் இருக்கும் தடித்த ஒயரின் போல்ட்டில் வையுங்கள். பி பிளஸ் என்பது அதுதான். கறுப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட் வரலாம். அதற்கு மேல் போனால் அந்தப் பாதையில் எங்கோ தடை. மெயின் ஃபியூஸ் போல்ட் தளர்ந்திருக்கலாம், ஒயர் முனையில் இருக்கும் லக்குக்குள் கம்பி கருத்திருக்கலாம். அடுத்து ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் உடம்பில், பெயிண்ட் இல்லாத உலோகத்தில் வைத்து, மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இங்கே 0.1, 0.2க்கு மேல் போகக் கூடாது. என் வண்டியில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் காட்டியது.

பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் கை போகும் வேலை இது. வேட்டி, துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். பி பிளஸ் போல்ட்டில் எப்போதும் கரன்ட் இருக்கும். ஸ்பேனர் அதையும் பாடியையும் ஒன்றாகத் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் ஓடும் வண்டிகளில் எர்த்துதான் முதல் சந்தேகம். மேலே நன்றாகத் தெரியும் கேபிள் உறைக்குள் பச்சைக் களிம்பாக இருக்கும். கழற்றி, கம்பி பிரஷால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, வெளியே வாசலின் தடவுங்கள். பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடிக்கு வெந்நீரில் சோடா உப்பைக் கலந்து ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ஐந்தாவது: பெல்ட்டும் புல்லியும்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. தானாக இறுக்கும் டென்ஷனர் இல்லாத பழைய பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு அமுங்க வேண்டும். அதற்காக வீணை நரம்பு மாதிரி இறுக்கிவிட்டால் பேரிங் போகும். பங்குனியில் உளுந்தையும் பயறையும் சாலையில் பரப்பி வண்டிகளை ஏற விடுவார்கள். அந்தக் கொடியும், தை அறுவடை வைக்கோலும் கீழே புல்லியில் சுற்றிக்கொள்ளும். பதரும் தூசியும் ஆல்டர்நேட்டரின் காற்றுத் துளைகளை அடைக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷரை மட்டும் அதன்மேல் திருப்ப விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் முங்கிப் போன வண்டியில் சேறு உள்ளே புகுந்து கார்பனை அதன் கூட்டிலேயே சிக்க வைத்துவிடும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் உயிர் வந்துவிடுகிறது.

சில வண்டிகளில் புல்லி ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கம் சும்மா சுற்றும். சைக்கிள் பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் மாதிரி. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாலோ, இரண்டு பக்கமும் சும்மா சுற்றினாலோ புல்லியை மட்டும் மாற்றினால் போதும்.

ஆறாவது: டயோடும் இரவுத் திருட்டும்

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகளில் பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது. ரேடியோவில் ஆக்ஸிலரேட்டர் கூடக் கூட ஊளையிடும் சத்தமும் அதே அடையாளம். போன டயோடு வண்டி நிற்கும்போதும் பேட்டரியை உறிஞ்சும். பகலில் நன்றாக ஓடி, காலையில் செல்ஃப் எடுக்காத வண்டி என்றால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே வையுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விட்ட பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் வர வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதிலும் குறையவில்லை என்றால் ஆல்டர்நேட்டர் ஒயர்தான் மிச்சம். மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள்.

நடுவழியில் விளக்கு எரிந்தால்

சோதனைக்கு நேரமில்லாத சமயமும் உண்டு. இரவில், மழையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். பெல்ட் அறுந்து, அதே பெல்ட் வாட்டர் பம்ப்பையும் ஓட்டுவதாக இருந்தால் உடனே ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். டாடா சுமோ, குவாலிஸ் மாதிரி பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப்பே ஆல்டர்நேட்டர் பின்னால்தான் இருக்கிறது. பெல்ட் போனால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும்.

சூடு ஏறவில்லை, பிரேக் சரி என்றால் ஏசி, புளோயர், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை மட்டும் அணைக்காமல் ஓட்டுங்கள். பெட்ரோல் வண்டியின் பம்ப்பும் இக்னிஷனும் 10 ஆம்பியர் அளவும், ஹெட்லைட் இன்னொரு 10ம் எடுக்கும். நல்ல 35 ஆம்பியர் மணி பேட்டரி இரவில் ஒரு மணி நேரம் தாங்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அதற்கு இது போதாது. திருவாரூரிலேயே நிறுத்திவிடுங்கள்.

ரிப்பேரா, புதுசா

ஆல்டர்நேட்டரில்தான் கோளாறு என்று உறுதியானாலும் உடனே புதுசு வாங்க வேண்டாம். கார்பன், ரெகுலேட்டர், டயோடு பிளேட், பேரிங் இவை நாலும் தனித்தனியாகக் கிடைக்கும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்துக் கொடுப்பார். பேரிங் போடும்போது 6303, 6202 மாதிரி எண்ணைப் பார்த்து, இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள நல்ல கம்பெனி பேரிங்கை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

ஸ்டேட்டர் காயில் கருகிய வாடை அடித்தாலோ, ரோட்டாரில் கார்பன் உரசும் ஸ்லிப் ரிங் பள்ளம் விழுந்திருந்தாலோ, பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். காயில் கட்டித் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். கைத்திறமை தெரிந்தவர் என்றால் ஒழிய எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

ஆல்டர்நேட்டர் உடம்பில் ஒரு லேபிள் இருக்கும். 14 வோல்ட், 70 ஆம்பியர் என்று போட்டு, பார்ட் நம்பரும் இருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்கினால் தவறு நடக்கும். ஒரே மாடலில் ஏசி உள்ளதற்கும் இல்லாததற்கும், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வேறு வேறு பீஸ் போட்டிருப்பார்கள்.

பழையதைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது. மாட்டும் காதுகளின் இடைவெளி, புல்லியில் எத்தனை வரி, புல்லி எவ்வளவு வெளியே நிற்கிறது, சாக்கெட்டில் எத்தனை பின். 5 வரி புல்லி மேல் 6 வரி பெல்ட் ஓட்டினால் ஒரே மழையில் தெரிந்துவிடும். சாக்கெட் பொருந்துகிறது என்பதாலேயே ரெகுலேட்டர் ஒன்றாகிவிடாது. ஈசியூ கட்டுப்படுத்தும் வண்டிக்குச் சாதா ரெகுலேட்டர் போட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வேக்குவம் பம்ப் உள்ள மாடல் என்றால் பம்ப்போடு சேர்த்து வாங்குகிறீர்களா, பழையதை மாற்றிப் போடுவீர்களா என்று முன்பே முடிவு செய்யுங்கள். பழைய பம்ப்பின் ஆயில் சீல் கசிந்தால் அந்த எண்ணெய் புது ஆல்டர்நேட்டருக்குள்தான் இறங்கும். மாருதியின் ஸ்மார்ட் ஹைபிரிட் வண்டிகளில் இருப்பது ஆல்டர்நேட்டரே அல்ல. பெல்ட் வழியாக இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவும் செய்யும் ஐஎஸ்ஜி. அதற்குச் சாதா பீஸ் ஆகாது.

எத்தனை ஆம்பியர்? மழை இரவில் ஒரு சின்ன பெட்ரோல் காரைக் கணக்கிடுவோம். ஹெட்லைட் 120 வாட், பம்ப்பும் இக்னிஷனும் 150, வைப்பர் 60, புளோயர் 180, ரேடியேட்டர் ஃபேன் 180, ஏசி கிளட்ச் 45, பின்விளக்குகள் 35, பாட்டும் போன் சார்ஜரும் 30. மொத்தம் 800 வாட். 14ஆல் வகுத்தால் 57 ஆம்பியர். 65, 70 ஆம்பியர் பீஸ் சமாளிக்கும். ஆனால் ஐடிலில் அது பாதி அளவுதான் தரக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. மேலே 100 வாட் ஹாலஜன் இரண்டு கட்டினால் இன்னும் 14 ஆம்பியர். அப்படிக் கட்டியே தீருவேன் என்றால் ஒரு படி பெரிய பீஸ் போடலாம், கூடவே பி பிளஸ் ஒயரையும் தடிப்பாக்க வேண்டும். மற்றவர்கள் கம்பெனி கொடுத்த அளவிலேயே நில்லுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு, பல நாள் கரன்ட் இல்லாத ஊர்களில் காரிலிருந்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒயர் இழுத்தவர்கள் உண்டு. ஆல்டர்நேட்டர் என்பது, ஏற்கெனவே நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டது. காலியான 150 ஆம்பியர் மணி பேட்டரியை அதில் கட்டி, ஐடிலில் மணிக்கணக்காக விட்டால் ஃபேன் காற்றும் போதாமல் காயில் வெந்துவிடும். போனுக்குச் சார்ஜ் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லூகாஸ் டிவிஎஸ், பாஷ், வேலியோ, டென்சோ இவர்களில் யார் உங்கள் வண்டிக்கு முதலில் கொடுத்தார்களோ அவர்கள் பீஸையே தேடுங்கள். கார் கம்பெனி பெட்டியில் வருவதற்கும் தயாரித்தவர் பெட்டியில் வருவதற்கும் விலையில் வித்தியாசம் இருக்கும், இரண்டையும் கேளுங்கள். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழையது மலிவாகக் கிடைக்கும். ஆனால் வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து கழற்றியதா என்று யாரும் சொல்லப்போவதில்லை. கையால் சுற்றிப் பார்த்து, கடையின் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி, லோடு போட்டுக் காட்டினால் மட்டும் வாங்குங்கள். புதுசுக்கு பில்லும் வாரன்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

மாட்டுவது

நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். பெல்ட் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் இப்போதே மாற்றுங்கள். பி பிளஸ் நட்டை இறுக்கி, ரப்பர் தொப்பியை மறக்காமல் போடுங்கள். மாட்டும் காதும் பிராக்கெட்டும் தொடும் இடத்தில் துருவைத் தேய்த்து எடுங்கள். எர்த் அந்த வழியாகத்தான் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டரியை வெளியே முழு சார்ஜ் ஏற்றிவிட்டு மாட்டுங்கள். காலிப் பேட்டரியை நிரப்பும் வேலையைப் புது ஆல்டர்நேட்டரின் தலையில் முதல் நாளே கட்டாதீர்கள்.

ஸ்டார்ட் செய்து, விளக்கு அணைகிறதா என்று பார்த்து, மூன்றாவது, நான்காவது சோதனைகளை அப்படியே திரும்பச் செய்யுங்கள். எண்களை ஒரு தாளில் எழுதி சர்வீஸ் புத்தகத்தில் வையுங்கள். மறுநாள் காலை சாவி போடும் முன் 12.5க்கு மேல் காட்டினால், பழைய பீஸைக் கடையில் கொடுத்து அதற்குண்டான பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.